வாரம் ஒரு நாள் வாசித்தவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கிராமிய இசை வகையான ப்ளூகிராஸ் பற்றிய உங்கள் குறிப்பில், வாஷிங்டன் பகுதியின் ‘தி செல்டம் சீன்’ குழுவை வெகுவாகப் பாராட்டியிருந்தீர்கள். எல்லாரும் வேறு வேலையில் இருந்தவர்கள், வாரம் ஒரு நாள்தான் வாசித்தார்கள் என்கிறீர்கள். பொழுதுபோக்காக வாசித்தவர்களை எப்படிப் பெரிய கலைஞர்கள் என்பது? அப்புறம், தொடங்கியவர்களில் ஒருவர்கூட இல்லாமல் அந்தப் பெயர் இன்னும் ஓடுவது முறைதானா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

பிழை என்னுடையது. அவர்களுடைய வேலையைச் சொன்னவன், அதற்கு முந்தைய கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மாண்டலின் வாசித்த ஜான் டஃபி 1957-ல் ‘கன்ட்ரி ஜென்டில்மென்’ குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். பத்துப் பன்னிரண்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றி, அலுத்துப்போய், 1969-ல் விலகி வாத்தியங்களைப் பழுதுபார்க்க உட்கார்ந்துவிட்டார். தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியமான பாஸ் வாசித்த டாம் கிரேயும் அந்தக் குழுவில் இருந்தவர்தான். ஆக, இவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. போதும் என்று வந்தவர்கள்.

1971-ல் மேரிலாந்தின் பெதஸ்டாவில், பென் எல்ட்ரிட்ஜ் வீட்டின் நிலவறையில் வாரம் ஒருமுறை கூடினார்கள். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசித்த எல்ட்ரிட்ஜ் கணிதவியலாளர். கிட்டாரோடு பாடிய ஜான் ஸ்டார்லிங் ராணுவ மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மருத்துவர். கிரே நேஷனல் ஜியாகிரஃபிக்கில் வரைபடம் தயாரித்தவர். மைக் ஆல்ட்ரிட்ஜ் பத்திரிகை ஓவியர். வாரம் ஒரு நாள் சீட்டாடப் போவதுபோல வாசிப்போம் என்பதுதான் ஏற்பாடு. கன்ட்ரி ஜென்டில்மென் காலத்துப் பழைய சகா சார்லி வாலர் இதைக் கேள்விப்பட்டு, “அப்படியென்றால் அபூர்வமாகத்தான் கண்ணில் படுவீர்கள்” என்று கிண்டலடித்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்ன ‘seldom seen’ என்பதையே, ஒலி மாறாமல் ‘Seldom Scene’ என்று எழுத்தை மாற்றிப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்ததால்தான் இவர்களால் துணிந்து வாசிக்க முடிந்தது என்பது என் எண்ணம். ப்ளூகிராஸ் ரசிகர்களைப் போலக் கறாரானவர்கள் குறைவு. 1940-களில் பில் மன்றோ வகுத்த பாணியிலிருந்து இம்மி நகர்ந்தாலும் முகம் சுளிப்பார்கள் (நம் சபாக்களில் முன்வரிசையைப் பார்த்திருப்பீர்களே). இவர்கள் ராக் பாட்டையும் நாட்டுப்புறப் பாட்டையும் எடுத்து நிதானமாகப் பாடினார்கள். வழக்கமாக வயலின் நிற்கும் இடத்தில் ஆல்ட்ரிட்ஜின் டோப்ரோ. மடியில் படுக்க வைத்து, உலோகத் துண்டைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் கிட்டார் அது. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் குழைவு உடனே பிடிபடும். பெதஸ்டாவில் ஒரு விடுதியிலும், பிறகு விர்ஜீனியாவின் பர்ச்மியர் அரங்கில் வியாழக்கிழமைகளிலும், வருடக்கணக்காக அதே ஊர்க்காரர்கள் முன்னால் வாசித்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் அரைப் பதில்தான் இருக்கிறது. ஸ்டார்லிங் 1977-லேயே போய்விட்டார், ஃபில் ரோசென்தால் வந்தார். கிரே 1987-ல் விலகினார். 1990-களின் நடுவில் ஆல்ட்ரிட்ஜும் இன்னும் இருவரும் வேறு குழு தொடங்கப் போனபோது, டட்லி கானல், ஃப்ரெட் டிராவர்ஸ், ரானி சிம்ப்கின்ஸ் என்று மூன்று புதியவர்களைச் சேர்த்தார்கள். அந்த 1996 டிசம்பரிலேயே மாரடைப்பில் டஃபி இறந்தார். உச்சத்தில் பீறிட்டு எழும் அந்தக் குரல் போன பிறகு, எனக்கு அது வேறு குழுதான். ஒளிக்காமல் சொல்கிறேன், பிந்தைய இசைத்தட்டுகளை நான் தேடிப் போட்டுக் கேட்பதில்லை.

ஆனால் பெயரை நிறுத்திக்கொள்ளச் சொல்ல நான் யார்? யாருடைய நிலவறையில் தொடங்கியதோ அவரே, எல்ட்ரிட்ஜே, 2016-ல் ஓய்வு பெறும்வரை நடுவில் நின்று வாசித்தார். பழகியவர்கள் போகப்போக, புதியவர்கள் அவர் பக்கத்தில் நின்றே கற்றார்கள். அவருடைய மகன் கிறிஸும் கொஞ்ச காலம் அங்கே கிட்டார் வாசித்துவிட்டுத்தான் ‘பஞ்ச் பிரதர்ஸ்’ குழுவுக்குப் போனார்.

நீங்கள் 1975-ல் வந்த ‘லைவ் அட் தி செல்லர் டோர்’ இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். பாட்டுகளுக்கு நடுவே டஃபி அடிக்கும் நக்கலைத் தாண்டிவிடாதீர்கள்.