மாமனாரின் எழுபதுக்குப் பாண்டிச்சேரியில் பழைய வீடு எடுக்கலாமா?

கேள்வி: என் மாமனார் பாண்டிச்சேரியில் பிறந்து, கலவைக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர். வேலைக்காக ஈரோடு வந்து இங்கேயே தங்கிவிட்டார். பூர்வீக வீட்டை விற்றுப் பல வருஷம் ஆகிறது. வரும் தை மாதக் கடைசியில் அவருக்கு எழுபது வயது நிறைகிறது. பாரிசிலிருந்து நாத்தனார் குடும்பமும் வருகிறது. மொத்தம் ஒன்பது பேர். பாண்டிச்சேரியில் ஒரு பழைய வீட்டை மூன்று இரவுக்கு முழுதாக எடுத்து, அவருக்குச் சொல்லாமல் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை. இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில், மஞ்சள் சுவர், படுக்கையறைகள் மாடியில். இன்னொன்று தமிழர் பகுதியில், திண்ணையும் முற்றமும் உள்ளது. "அம்மாவுக்கு முழங்கால் வலி, பழைய வீடெல்லாம் சரிப்படாது, ஹோட்டலே போதும்" என்கிறார் என் கணவர். வீட்டுக்காரர்களோ முழு வாடகையையும் முன்கூட்டியே கேட்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, ஈரோடு

அன்புச் சகோதரிக்கு,

தமிழர் பகுதி வீட்டை எடுங்கள். ஆனால் பணம் அனுப்புவதற்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றிச் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்ட பிறகு ஒத்துவராது என்று தெரிந்தால் உங்கள் கணவர் சொல்வது போல ஹோட்டலுக்கே போய்விடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

உங்கள் கணவரின் கவலை நியாயமானது. இந்தப் பயணத்தில் வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது உங்கள் மாமியாரின் முழங்கால்தான். அந்தக் கணக்கில் ஒயிட் டவுன் வீடு முதலிலேயே அடிபட்டுப் போகிறது. பிரெஞ்சுக்காரர் பாணி வீடுகளில் உயரமான மதில், பெரிய வாயில், உள்ளே சின்னத் தோட்டம், பிறகுதான் வீடு. கூரை நல்ல உயரம். கூரை உயர்ந்தால் மாடிப்படியும் கூடும் அல்லவா? படுக்கையறை மாடியில் என்றால், கண்ணாடியை மறந்து வைத்தால்கூட அவர் அத்தனை படியும் ஏறி இறங்க வேண்டும். மூன்று நாளும் அவரை மாடியிலேயே உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஊர் சுற்றுவதற்கா இவ்வளவு ஏற்பாடு? அதோடு மஞ்சள் சுவர் உள்ள வீதிகளில் காலையிலிருந்தே போட்டோ எடுக்கிற கூட்டம் நிற்கும். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பும் அங்கேதான். வயதானவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காரத் தோதான இடம் இல்லை.

தமிழர் பகுதி வீட்டின் அமைப்பு வேறு. வீதியை ஒட்டி மரத்தூண் நிறுத்திய ஓட்டுத் தாழ்வாரம், அதன் கீழ் திண்ணை. கதவைத் தாண்டினால் ரேழி, அப்புறம் முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடமும் அறைகளும், பின்னால் அடுப்படி, கொல்லை. எல்லாம் ஒரே தளத்தில் என்பதால் உங்கள் மாமியார் படி ஏறாமலே வீடு முழுக்க நடமாடலாம். பேரப்பிள்ளைகள் விளையாடுவது, நாத்தனார் காய் நறுக்குவது, உங்கள் மாமனார் திண்ணையில் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பது எல்லாம் கூடத்தில் இருந்தபடியே அவர் கண்ணில் படும். நான்கு ஹோட்டல் அறையில் ஒன்பது பேர் பிரிந்து கிடந்தால் இது கிடைக்காது. மாடியும் உள்ள வீடாக இருக்கலாம். கீழே திண்ணையும் முற்றமுமாகத் தமிழ் வீடு, மேலே வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவருமாகப் பிரெஞ்சு சாயல். இந்தக் கலப்பு பாண்டிச்சேரிக்கே உரியது. அப்படியானால் கீழே கழிப்பறையோடு சேர்ந்த படுக்கையறை ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒரே தளம் என்று சொன்னேனே, அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வீதியிலிருந்து திண்ணைக்கு இரண்டு மூன்று படி ஏற வேண்டும். அந்தக் கல்படிகளுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. நிலைவாசலில் ஒரு உயர்ந்த மரப்படியைத் தாண்ட வேண்டும். முற்றம் கூடத்தைவிட ஒரு சாண் தாழ்ந்திருக்கும். கொல்லைப் பக்கம் மறுபடி ஒரு இறக்கம் வரும். இதெல்லாம் படத்தில் தெரியாது. அகலமாக எடுத்த படத்தில் தரை முழுக்க ஒரே மட்டமாகத்தான் தோன்றும். அதனால் வீட்டுக்காரரிடம் ஒரு வீடியோ கேளுங்கள்: வீதியிலிருந்து கட்டில் வரை, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை, நடுவில் நிறுத்தாமல், கேமராவைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நடந்து எடுத்தது. அதை உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் போட்டுக் காட்டுங்கள். வழியில் எத்தனை இடத்தில் கால் தூக்க வேண்டும் என்று மாமியாரே சொல்லிவிடுவார். சிவப்பு ஆக்சைடு தரையாக இருந்தால், ஈரம் பட்டதும் வழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். குளியலறையில் ரப்பர் பாயும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் போட்டுத்தரச் சொன்னால் நல்ல வீட்டுக்காரர் மறுக்க மாட்டார். மறுத்தால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

சத்தத்தைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. முற்றத்து வீட்டில் ஒரு அறையில் இருமினால் நாலு அறைக்கும் கேட்கும். குளிர்காலத்தில் பாரிஸ் நேரம் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். நாத்தனார் பிள்ளைகளுக்கு நம் நள்ளிரவு என்பது அவர்கள் ஊர் இரவு ஏழரை. வந்த முதல் இரண்டு நாள் அவர்கள் தூங்கவே மாட்டார்கள். அவர்கள் குடும்பத்தை மாடியிலோ வீதியை ஒட்டிய முன் அறையிலோ போடுங்கள். பெரியவர்கள் உள்ளறையில் படுக்கட்டும். பிள்ளைகளில் உயரமானவர் யாராவது இருந்தால் நிலைவாசலில் குனிந்து போகச் சொல்லுங்கள்.

"முந்நூறு வருஷப் பழமையான வீடு" என்று சொல்லி அதற்காக வாடகை கூட்டிக் கேட்டால் நம்ப வேண்டாம். 1761-ல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டியதுதான் இன்று நாம் பார்க்கும் நகரம். நிற்கிற வீடுகளில் பெரும்பாலானவை அதற்கும் பின்னால் வந்தவை. வீட்டின் வயதைவிடப் பராமரிப்புதான் உங்களுக்கு முக்கியம். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடமே, அதாவது பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடமே, சரிந்து விழுந்தது. அதைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

பராமரிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரின் அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பூச்சு உப்பிக்கொண்டு, தொட்டால் மாவாக உதிர்கிற மாதிரி வெளுத்திருந்தால், சுண்ணாம்புச் சுவரின் மேல் யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சுண்ணாம்பு பூசிய சுவர் உள்ளே ஏறிய ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை அடைத்து வைத்துவிடும். அப்படிப்பட்ட அறையில் ஏசி போட்டுக் கதவைச் சாத்தினால் இரவு முழுக்கப் புழுங்கல் வாடை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. மேலே மரச்சட்டத்தின் மேல் செங்கலைச் செருகிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் தளம் இருந்தால், மழைக்கறை உண்டா என்று பாருங்கள். தை மாதக் கடைசி என்பதால் மழைக்குப் பயமில்லை. நடக்கவும் நல்ல பருவம் அதுதான். ஆனால் கொசு உண்டு. முற்றத்துக்கு வலை போட்டிருக்கிறார்களா, கட்டிலுக்குக் கொசுவலை தருவார்களா என்று கேளுங்கள். எல்லா ஏசியும் கீசரும் ஒன்றாக ஓடுமா, கரன்ட் போனால் இன்வெர்ட்டர் எதையெல்லாம் தாங்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பணம் பற்றி. முழு வாடகையையும் முன்னால் கொடுக்க வேண்டாம். ஒரு பகுதியை அனுப்பி, மீதியைச் சாவி வாங்கும்போது தருவதாகச் சொல்லுங்கள். முழுத்தொகைதான் வேண்டும் என்றால், பணத்தைத் திருப்பித் தரும் விதி எழுத்தில் இருக்கிற முன்பதிவுத் தளம் வழியாகவே கட்டுங்கள். ஒரே வீட்டின் படத்தை வேறு வேறு பேரில் போட்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வீடியோ காலில் வந்து வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். கணக்கில் இருக்கிற பெயர் வீட்டுக்காரர் பெயர்தானா என்று பாருங்கள். சுற்றுலா விடுதியாக நடத்த உரிமமோ பதிவோ வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். உங்களுக்கு இது கூடுதலாக முக்கியம். நாத்தனார் குடும்பம் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவர்கள் தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் அதை அரசுக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். முறையாக நடத்துகிறவர் நீங்கள் சொல்லும் முன்பே பாஸ்போர்ட் நகல் கேட்பார். "அதெல்லாம் வேண்டாம், பாத்துக்கலாம்" என்று சொல்கிறவரிடம் வீடு எடுக்காதீர்கள்.

சமையலையும் பேசிவிடுங்கள். பாரிசிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரிய மார்க்கெட் மீன் சாப்பிட ஆசை இருக்கும். சில வீடுகளில் அசைவம் சமைக்க விடமாட்டார்கள். எழுபது வயதுக்குச் செய்கிற பீமரத சாந்தி ஹோமத்தை முற்றத்தில் செய்கிற எண்ணம் இருந்தால் முன்பே அனுமதி வாங்குங்கள். பழைய தேக்குத் தூண்கள் நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன என்று வீட்டுக்காரர் தயங்கினால் அவர் தயக்கம் சரியானதே. காந்தி வீதியில் வேதபுரீஸ்வரர் கோயில், வரதராஜப் பெருமாள் கோயில் இரண்டும் இருக்கின்றன. அங்கே அர்ச்சனை செய்துவிட்டு வீட்டில் சாப்பாடு போட்டால் போதும்.

"எல்லாம் நடக்கிற தூரம்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். நன்றாக நடக்கிறவர்களுக்கு அது உண்மை. ஊரைச் சுற்றி ஓடும் நான்கு அகலச் சாலைகளுக்கு (புல்வார்) நடுவில் வீதிகள் நேர்கோடாக ஓடுகின்றன, வழி தவறாது. மிஷன் வீதிப் பக்கத்திலிருந்து பெரிய வாய்க்காலைத் தாண்டினால் பாரதி பூங்கா, அதைத் தாண்டினால் கடற்கரை, சுமார் ஒரு கிலோமீட்டர். ஆனால் நடைபாதையில் பைக் நிற்கும், கடைச்சாமான் இருக்கும், அடிக்கடி வீதியில் இறங்கி ஏற வேண்டும். மாமியாருக்கு ஆட்டோ வையுங்கள். ஏறும் முன்பே வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள். மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். குறுக்கு வீதி முனையில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் உட்கார இடம் கிடைக்கும். சொந்தக் காரில் வந்தால் எங்கே நிறுத்துவது என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் வந்து சேராதீர்கள். அன்றைக்குக் காந்தி வீதி முழுக்கச் சந்தை. சாமான்களோடு ஒன்பது பேர் உள்ளே நுழைவது பெரும்பாடு.

பக்கத்து வீடுகளோடு சுவர் பொதுவாக இருக்கும். அங்கே குடும்பங்கள் காலம் காலமாகக் குடியிருக்கின்றன. வாரம் தவறாமல் வெளியூர்க் கூட்டம் வந்து பாட்டுப் போட்டு, திண்ணையில் பாட்டிலை வைத்துவிட்டுப் போவதால் அவர்கள் நொந்து போயிருக்கிறார்கள். போன உடனே பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை, "அப்பாவுக்கு எழுபது, மூன்று நாள் இருப்போம்" என்று சொல்லிவிடுங்கள். பிரெஞ்சு வீடுகள் மேல் இருக்கிற கவனம் தமிழ் வீடுகள் மேல் இல்லை. திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து மாடிக்கட்டடமாகிக்கொண்டிருக்கின்றன. நல்ல வாடகைக்காரர்கள் வருகிற வீட்டை உரிமையாளர் இடிக்க யோசிப்பார் என்பதும் நான் உங்களை அந்தப் பக்கம் அனுப்ப ஒரு காரணம்.

கடைசியாக ஒன்றில் மட்டும் உங்களோடு நான் ஒத்துப்போகவில்லை. மாமனாரிடம் மறைக்காதீர்கள், இப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டை விற்றுவிட்டுப் போன ஊருக்கு முன்னறிவிப்பு இல்லாமல் கூட்டிப்போனால், எழுபது வயதில் அவர் மனசு எப்படி எடுத்துக்கொள்ளும் என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது. பழைய வீடு இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பாரா, அந்தத் தெருப்பக்கமே வேண்டாம் என்பாரா என்பதை அவரே முடிவு செய்யட்டும். பார்க்க ஆசைப்பட்டால், இப்போது அங்கே குடியிருப்பவர்களிடம் யார் மூலமாவது முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று ஒன்பது பேர் போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம். படித்த பள்ளி மிஷன் வீதியில் இருக்கிறது. பள்ளி நடக்கிற நேரத்தில் உள்ளே போக முடியாது, தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பாருங்கள். ஊரில் இன்னும் இருக்கிற பங்காளிகள், கூடப் படித்தவர்கள் யார் யார் என்று அவருக்குத்தான் தெரியும். அவர்களைச் சாப்பாட்டுக்கு அழைப்பதானால் இலை எத்தனை என்று கணக்குப் போட வேண்டும், அதை வீட்டுக்காரரிடமும் சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்து வைத்த வீட்டின் வீதிப் பெயரை மாமனாரிடம் சொல்லுங்கள். அது சரியான இடமா, வேறு வீதியில் தேடலாமா என்று சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை.