வணிகவியல் படித்தவர்களுக்குத் தடய அறிவியலில் இடம் உண்டா?

வணிகவியல் படிக்கும் மகள் தடய அறிவியலுக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள், முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிஎன்ஏ, நஞ்சு, ரத்தக்கறை சோதிக்கும் ஆய்வக வேலைக்கு வேதியியலிலோ உயிரியலிலோ பட்டம் வேண்டும். சில மாதச் சான்றிதழ் படிப்பு அதற்கு ஈடாகாது. ஈடாகும் என்று சொல்லும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அவள் படிப்புக்கு நேராக உள்ள வழி தடயவியல் கணக்காய்வு, அதாவது கணக்குகளில் மோசடியின் தடயத்தைத் தேடும் வேலை. அமெரிக்கக் குற்றக் கும்பல் தலைவன் அல் கபோன் 1931-ல் தண்டனை பெற்றது வருமான வரி ஏய்ப்புக்காக. வழக்கைத் தாங்கியவற்றில் கணக்கேடுகளும் உண்டு. போலி பில்கள், பல பெயர்களில் கிளம்பி ஒரே கணக்கில் சேரும் பணம், மேலதிகாரி ஒப்புதல் தேவைப்படும் வரம்புக்குச் சற்றே கீழே நிற்கும் தொகைகள் ஆகியவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். முதலில் கணக்குப் பதிவும் தணிக்கையும் கைக்கு வரட்டும், சிறப்புப் படிப்பு பிறகு. சட்டம், கணினி வழியாகவும் இத்துறைக்குள் வரலாம்.

ஆய்வகத்தில் வேலை செய்யாவிட்டாலும் அங்கே நடப்பது தெரிந்திருக்க வேண்டும். கறை ரத்தமா என்று முதற்கட்டமாகப் பார்க்கும் கேஸ்டில்-மேயர் சோதனையில் கறையை ஒற்றிய பஞ்சில் முதலில் வினைப்பொருள், அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவார்கள். சில நொடிகளில் இளஞ்சிவப்பானால் ரத்தமாக இருக்கலாம். பெராக்சைடு விடும் முன்பே நிறம் வந்தால் கணக்கில் கொள்ளக் கூடாது. அரை நிமிடத்துக்கு மேல் விட்டால் காற்று பட்டே சிவக்கும். சில காய்கறிச் சாறுகளும் இதே நிறம் காட்டும். ஆகவே அறிக்கையில் ‘ரத்தம்’ என்று எழுத, உறுதிச் சோதனை ஒன்று தனியாக வேண்டும்.

நல்ல சான்றும் கையாளும் விதத்தில் கெட்டுப்போகும். ஈர ரத்தத் துணியை பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் டிஎன்ஏவைச் சிதைக்கும். உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கை நேரடியாகத் திறந்தால் கோப்புகளின் தேதிகள் மாறலாம். டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் பொருத்தி நகலெடுத்து, அசலின் ஹேஷ் மதிப்பும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) நகலுடையதும் ஒன்றா என்று பார்த்த பிறகே நகலில் வேலை. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது கைமாறியது என்ற பதிவில் இடைவெளி இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடிப்பார். உண்மையில் பாதி வேலை எழுத்து வேலைதான், இதைத் திரையில் காட்டுவதில்லை.

கட்டணம் கட்டும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் ரசீதுகளையும் கொடுத்து வரிக்கு வரி ஒப்பிடச் சொல்லுங்கள். பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் தேதி, தொகை, எந்த ரசீது இல்லை என்பதை மட்டும் எழுதட்டும்; ‘அப்பா மறந்திருப்பார்’ போன்ற ஊகம் கூடாது. ஊகம் கலக்காமல், சலிக்காமல் முடித்தால் தணிக்கைப் பயிற்சியில் சேர்த்துவிடலாம்.