போரும் பஞ்சமும் உள்ள ஏழை நாடுகளில் மெலிந்துபோன குழந்தைகளையும் தாய்மார்களையும் எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? உணவு மூட்டைகளை அனுப்பினால் போதாதா?

போதாது என்பதே என் பதில். ஏன் போதாது என்பதை என் அனுபவத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

நான் சேலத்தில் வசிக்கிறேன். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் ஏற்காட்டைச் சுற்றியுள்ள காப்பித் தோட்டங்களிலும் கழிந்தது. என் தங்கை மகள் இப்போது தெற்கு சூடானில் ஒரு நிவாரண அமைப்பில் செவிலியராக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இரவில் அவள் அழைத்துப் பேசும்போதெல்லாம், நான் மலையில் கண்டதும் அவள் அங்கே காண்பதும் ஒன்றையொன்று ஒத்திருப்பதை இருவருமே உணர்கிறோம். அளவுதான் வேறு, அங்கே அது மலைபோல் இருக்கிறது.

1990களின் நடுவில், காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், ஒரு தோட்டத்தின் லைன் வீட்டில் ஒன்றரை வயதுப் பையனைப் பார்த்தேன். பாட்டி பெருமையோடு, "பாருங்க நர்சம்மா, பேரன் எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான்" என்றார். முகம் உப்பியிருந்தது, கால் தோல் பளபளத்தது, தலைமுடி செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வந்தது. என்னை அச்சமூட்டியது வேறொன்று: புதிய ஆள் தூக்கியும் அவன் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. இரண்டு புறங்கால்களிலும் கட்டைவிரலை வைத்து மூன்று நொடி அழுத்தி எடுத்தேன். பிசைந்த மாவில் விரல் பதிந்ததுபோல இரண்டிலும் குழி அப்படியே நின்றது. தராசில் அவன் எடை ஏறக்குறைய சரியாகவே இருந்தது. உடம்பில் கோத்திருந்த நீரையும் சேர்த்தே தராசு நிறுத்தது. எடையை மட்டும் பார்த்துச் சீட்டில் குறித்துவிட்டு நகர்ந்திருந்தால் அந்தக் குழந்தை இருந்திருக்காது.

அவனுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். சர்க்கரை போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி என்றார்கள். தாய் ஏழு மாதக் கர்ப்பிணி. வயிற்றில் இன்னொன்று இருக்கும்போது பால் கொடுக்கக் கூடாதென்று பெரியவர்கள் சொன்னதால் நிறுத்திவிட்டிருந்தார். பக்கத்து வீட்டு மூதாட்டி எட்டிப் பார்த்து, "இது சவலை பாஞ்ச புள்ளைம்மா" என்றார். அவர் சொன்னதுதான் சரியான பெயர்.

சவலை என்ற நம் சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மேற்கு ஆப்பிரிக்கா நினைவுக்கு வரும். இன்றைய கானாவில், அந்நாளைய தங்கக் கடற்கரையில் பணிபுரிந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி இறந்துபோகும் குழந்தைகளைப் பற்றி 1933இல் எழுதினார். 1935இல் அந்நோய்க்கு உள்ளூர்த் தாய்மார்கள் வைத்திருந்த 'குவாஷியோர்கர்' என்ற கா மொழிப் பெயரையே மருத்துவ உலகுக்குக் கொடுத்தார். அடுத்த குழந்தை வந்ததும் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நம் சவலையும் அதுவேதான். கடலுக்கு அப்பால் இருந்த தாய்மார்களும் நம் ஊர்த் தாய்மார்களும், ஒருவரையொருவர் அறியாமலே, நோயைக் குழந்தையின் உடம்பில் மட்டும் பார்க்காமல் தாயின் வயிற்றோடும் மார்போடும் சேர்த்துப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த திட்டங்கள் பலவும் இந்தச் சேர்க்கையை மறந்து, குழந்தையைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சரிசெய்ய முயன்றன என்பது என் கருத்து.

ஜவ்வரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் மாவட்டத்தின் பொருள். சேகோ ஆலைகளும் மரவள்ளிக் காடுகளும் சேலத்துக்காரர்களுக்குச் சோறு போடுகின்றன. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஜவ்வரிசி என்பது கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த மாவுச்சத்து மட்டுமே. 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூட இருக்காது. காய்ச்சல்காரருக்கு இரண்டு நாள் கொடுப்பது வேறு, வளரும் குழந்தைக்கு மாதக்கணக்கில் அதையே கொடுப்பது வேறு. காங்கோவிலும் மொசாம்பிக்கிலும் கோடிக்கணக்கானோருக்கு இதே மரவள்ளிதான் அன்றாட உணவு. 1981 வறட்சியில் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில், வேறு பயிர் எதுவும் இல்லாததால், கசப்பு மரவள்ளியைப் போதிய அளவு ஊறவைத்துக் காயவைக்காமல் தின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் செயலிழந்தன. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கடை ஜவ்வரிசியில் அந்த ஆபத்து இல்லை, யாரும் பயப்பட வேண்டாம். வயிறு நிறைந்த வீட்டிலும் ஒரு குழந்தை பட்டினியால் நோயுற முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அரிசி மூட்டையோ மாவு மூட்டையோ மட்டும் போதாது என்று நான் தொடக்கத்திலேயே சொன்னதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், கடுமையாக மெலிந்த குழந்தைக்குச் சாதாரண உணவை அள்ளிக் கொடுத்தாலே உயிர் போய்விடலாம் என்பது. அந்தப் பையனைப் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகள் வழியாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்தபோது, அடிவாரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் உடனே பாட்டில் ஏற்றுகிறோம் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தகைய குழந்தையின் இதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும். அதிர்ச்சி நிலையில் இல்லாத குழந்தைக்கு நரம்பில் நீரை ஏற்றினால் இதயம் நின்றுபோகக்கூடும். முதலில் செய்ய வேண்டியவை மிக எளிய காரியங்கள்: உடம்பைச் சூடாக வைத்திருப்பது, இரத்தச் சர்க்கரை இறங்காமல் இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலும்கூட, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் புகட்டுவது, தொற்றுக்கு மருந்து கொடுப்பது. 100 மில்லியில் 75 கலோரி மட்டுமே உள்ள மென்மையான பாலில் தொடங்கி, வீக்கம் வடிந்து பசி திரும்பிய பிறகே 100 கலோரிப் பாலுக்கோ திட உணவுக்கோ போகிறார்கள். இரும்புச்சத்து மருந்தைக்கூட இந்தத் தொடக்க நாட்களில் தவிர்க்கிறார்கள்.

இந்த முறை நல்லதுதான். ஆனால் இதற்கு மருத்துவமனை வேண்டும், சுத்தமான நீர் வேண்டும், தாய் வாரக்கணக்கில் உடன் தங்க வேண்டும். போர் நடக்கும் நாட்டில், வீட்டில் இன்னும் நான்கு பிள்ளைகளை விட்டுவிட்டு எந்தத் தாயால் தங்க முடியும்? 1996இல் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்தும் உணவுப் பொறியாளர் மிஷேல் லெஸ்கானும் கண்ட வழி இதை மாற்றிப்போட்டது. அரைத்த நிலக்கடலை, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாதுக்கள் ஆகியவற்றைச் சேர்த்து, 92 கிராம் பாக்கெட்டில் சுமார் 500 கலோரி வருமாறு ஒரு பசையைச் செய்தார்கள். தண்ணீர் சேர்க்க வேண்டாம், சமைக்க வேண்டாம். ஈரம் இல்லாததால் கிருமி பெருகாது. குழந்தை தானே பாக்கெட்டைப் பிழிந்து தின்னும். நம் கடலை உருண்டையின் உறவுக்காரன் என்று நான் என் தங்கை மகளிடம் சொல்வதுண்டு. 2005இல் நைஜரில் ஏற்பட்ட நெருக்கடியில் பல்லாயிரம் குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்திக் காட்டிய பிறகு, 2007இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உலக உணவுத் திட்டமும் இம்முறையை ஏற்று அறிவித்தன. இன்று நன்றாகப் பசியெடுக்கும், வேறு சிக்கல் இல்லாத குழந்தை வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து பாக்கெட்டுகளை வாங்கிச் சென்றால் போதும். சிக்கல் உள்ள சிறு பகுதியினரை மட்டுமே படுக்கையில் சேர்க்கிறார்கள்.

ஆனால் பாக்கெட் வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கிறது? 2021இல் தெற்கு சூடானின் பென்டியூ நகரைச் சூழ்ந்த வெள்ளம் ஆண்டுக்கணக்கில் வடியாமல் நின்றது; மாடுகள் செத்தன, சோளக் காடுகள் மூழ்கின, பெண்கள் நீரில் இறங்கி அல்லிக் கிழங்கைப் பறித்து வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு குழந்தைக்கு மட்டும் மருந்துபோல் ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் மற்ற பிள்ளைகள் சுற்றி நிற்கும். "பெரியம்மா, பாக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை; அவளும் சாப்பிட்டிருக்க மாட்டாள்" என்றாள் தங்கை மகள். குழந்தையின் சிகிச்சையோடு குடும்பத்துக்குத் தானியமோ பருப்போ பணமோ கொடுக்காத இடங்களில் பாக்கெட் பங்குபோடப்படுகிறது. குழந்தை தேறுவதற்குத் தாமதமாகிறது. இதற்காகத் தாயைக் குறைசொல்லும் அலுவலர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

அந்தப் பையனின் கதையை முடிக்கிறேன். ஐந்து வாரங்களுக்குப் பிறகு வீக்கம் வடிந்து ஊருக்குத் திரும்பினான். பாட்டிக்கு வருத்தம், கொண்டுபோனபோது இருந்த உடம்பு இல்லையே என்று கேட்டார். ஆனால் அவன் என் கைப்பையைப் பிடித்து இழுத்தான், பிடுங்கியபோது வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். இதற்கிடையே நான் ஒன்றை மறந்துவிட்டிருந்தேன். இரத்தசோகை இருக்கிறதா என்று அந்த ஏழு மாதக் கர்ப்பிணியின் கண் இமையைக் கீழே இழுத்து ஒருமுறைகூட நான் சரியாகப் பார்க்கவில்லை. மருத்துவமனையில் மகனின் கட்டிலுக்கு அடியில் படுத்து, மகனுக்கு வந்த பால் போக மிச்சமிருந்த எதையோ தின்று நாட்களைக் கழித்தவருக்குப் பிறந்த பெண் குழந்தையின் எடை 1 கிலோ 900 கிராம். அண்ணனைக் காப்பாற்றிய அதே வாரங்களில் தங்கையை நான் கோட்டைவிட்டேன். அதன் பிறகு எந்த வீட்டில் மெலிந்த குழந்தையைக் கண்டாலும் முதலில் தாயின் இமையைப் பார்ப்பது என் வழக்கமாயிற்று.

தாய்க்கான வழிகள் புதிர் ஒன்றும் இல்லை. நிவாரண முகாம்களில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களின் மேற்கையையும் நாடாவால் அளக்கிறார்கள். பல நாடுகளில் 23 செ.மீ.க்குக் குறைந்தால் கூடுதல் உணவு கொடுக்கிறார்கள். நாம் கொடுக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைக்குப் பதிலாக 15 வைட்டமின், தாதுக்கள் கொண்ட ஒரே மாத்திரையைக் கொடுத்தால் எடை குறைந்த பிறப்புகள் மேலும் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியதால், 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பேறுகால இடைவெளிக்கான கருத்தடை வசதியும் ஊட்டச்சத்துத் திட்டத்தின் பகுதிதான். சவலை என்ற சொல்லே அதைத்தான் சொல்கிறது. தாயின் கையில் பணம் போய்ச் சேர்வதும் முக்கியம். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 1987 முதல் மகப்பேறு உதவி இருக்கிறது. இத்தனை செய்தும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. சாலையும் ரேஷன் கடையும் பாலவாடியும் உள்ள நம் நிலையே இதுவென்றால், கூடாரத்தில் பிரசவிக்கும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தப் பாக்கெட்டும் கிடையாது, தாய்ப்பால்தான். நல்லெண்ணத்தில் பால்மாவு டப்பாக்களை அனுப்புவோர் இதை அறிய வேண்டும். 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு, நன்கொடையாக வந்த பால்மாவைப் பெற்ற குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு மற்றவர்களைவிட இரு மடங்காக இருந்தது. கொதிக்கவைக்க விறகும் இல்லாத, கழுவ நீரும் இல்லாத இடத்தில் புட்டி என்பது நோயைக் கொண்டுவரும் பாத்திரம். தாய் மறைவாக அமர ஓர் இடமும், குடிக்க நீரும், வயிற்றுக்கு உணவும், பக்கத்தில் அமர்ந்து தைரியம் சொல்ல ஒரு பெண்ணும் இருந்தால் பெரும்பாலும் பால் சுரக்கும். தாயை இழந்த, அல்லது தாய்ப்பால் கிடைக்க வழியே இல்லாத குழந்தைகளுக்கு மட்டும் பால்மாவைக் கண்காணிப்போடு கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, முன்கூட்டியே கண்டுபிடிப்பது. 2011இல் சோமாலியாவில் பஞ்சம் என்று அறிவிப்பதற்கு முன்பே பெருந்தொகையினர் இறந்துவிட்டிருந்தனர். மொத்தம் இறந்த சுமார் 2.58 லட்சம் பேரில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அறிவிப்புக்குக் காத்திருப்பது எவ்வளவு கொடியது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நாம் 1980இல் சில மாவட்டங்களில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும், அது மெலியும் முன்பே 90 நாள் உணவு கொடுத்தோம். நைஜரில் இன்னும் ஒரு படி மேலே போய், குழந்தையின் மேற்கைச் சுற்றளவைப் பார்க்கும் மூவண்ண நாடாவைத் தாய்மார்கள் கையிலேயே கொடுத்து அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. எழுத்தறியாத தாயும் சரியாகவே அளந்தார். செவிலியர் வந்து பார்க்கும்வரை காத்திராமல், குழந்தை மோசமாகும் முன்பே தூக்கிக்கொண்டு வந்தார்.

வழி தெரியாமல் குழந்தைகள் சாகவில்லை. 2024இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 4.28 கோடிக் குழந்தைகள் மெலிந்திருந்தனர், அவர்களில் 1.22 கோடிப் பேர் கடுமையாக மெலிந்தவர்கள். ஒரு பெட்டியில் 150 பாக்கெட்; ஒரு குழந்தை தேற ஏறத்தாழ ஒரு பெட்டி வேண்டும். 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பை மூடியபின் பல கிடங்குகளுக்குப் பெட்டிகள் வந்து சேர்வது தடுமாறியது. போன மாதம் தங்கை மகள் பேசியபோது குரல் கம்மியிருந்தது. கையிருப்பு குறைந்துவிட்டதால் சிவப்புக்கு மட்டும் கொடுக்க வேண்டும், மஞ்சளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். அன்று காலையில் ஒரு தாய், நாடாவில் மஞ்சளைக் கண்டு பயந்து, இரண்டு நாள் நடந்து குழந்தையைக் கொண்டுவந்திருந்தார். கற்றுக்கொடுத்தபடியே சரியாகச் செய்த அந்தத் தாயிடம், சிவப்பானதும் வாருங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது என்றாள்.