இடுப்பு வலிக்கும் ஆறாத கால் புண்ணுக்கும் ஒரே கரண்ட் மெஷின் போதுமா?

கேட்டவர் ஏர்வாடிப் பக்கம். அப்பா கடலுக்குப் போகிறவர், இடுப்பு வலி. அம்மா கடல்பாசி எடுப்பவர், சர்க்கரை இருக்கிறது, உள்ளங்காலில் ஆறாத புண். தோலில் பேட் ஒட்டி லேசான கரண்ட் கொடுத்து வலியைக் குறைக்கும் டென்ஸ் மெஷின் ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கும் வைக்கலாமா என்கிறார்.

அப்பாவுக்கு வாங்குங்கள். அம்மாவின் புண் பக்கம் மட்டும் அதைக் கொண்டு போகாதீர்கள். மண்டபம் பக்கம் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். இந்த இரண்டு தொந்தரவோடும் எங்களிடம் நிறையப் பேர் வருகிறார்கள்.

வலை இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்டவருக்குக் கரண்ட் வைத்தால் வலி குறைவது உண்மைதான். தொடு உணர்வைக் கொண்டு போகும் தடித்த நரம்புகளைத் தூண்டிவிட்டால், மெல்லிய நரம்பு வழியே வரும் வலி தண்டுவடத்திலேயே மட்டுப்படும். மெல்சாக், வால் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1965-இல் தந்த விளக்கம் இது. இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் சுகமாக இருப்பதும் இதனால்தான். டென்ஸில் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை துடிப்பு) வைத்து, வலிக்காமல் நன்றாகச் சுறுசுறுவென்று தெரிகிற அளவுக்கு ஏற்றினால் போதும். ரோமாபுரி மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் முதலாம் நூற்றாண்டிலேயே தலைவலிக்கு மின்சாரம் பாய்ச்சும் திருக்கையை வைக்கச் சொல்லியிருக்கிறார். வலையில் அந்த மீனைத் தொட்டுக் கை மரத்துப் போனவர்கள் நம் கரையில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் தெரியும்.

கழற்றிய பிறகு வலி திரும்பி வரலாம். வலி தணிந்திருக்கும் நேரத்தில் இடுப்புக்கான பயிற்சியைச் செய்துவிட வேண்டும், பலன் அதில்தான் நிற்கும். அப்புறம், உப்பும் வியர்வையும் இருக்கும் உடம்பில் பேட் சரியாக ஒட்டாது. பாதி பிய்ந்து நின்றால் கரண்ட் ஒரு மூலையில் குவிந்து சுருக்கென்று குத்தும். சோப்பு போட்டுக் கழுவி, துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் வேண்டாம். கழுத்தின் முன்பக்கம், கர்ப்பிணியின் வயிறு, ரத்தம் உறைந்த கால், புற்றுநோய் உள்ள இடம், இங்கெல்லாம் வைக்கவே கூடாது.

இனி அம்மாவின் புண். தோலுக்கே சொந்தமாக ஒரு மின்னழுத்தம் உண்டு. கிழிந்ததும் அங்கே மெல்லிய மின்னோட்டம் ஓடும். ஜெர்மன் உடலியல் அறிஞர் டுபுவா ரேமோன் 1843-இல் தன் விரலைக் கீறி அதை அளந்தார். அந்த மின்புலத்தைப் பிடித்துத்தான் செல்கள் புண்ணின் நடுவை நோக்கி நகர்கின்றன. நாள்பட்ட புண்ணுக்கு வெளியிலிருந்து துடிப்பு மின்சாரம் கொடுப்பதும் இதை வைத்துத்தான். ஆழமான படுக்கைப் புண்களுக்கு அதை 2019 சர்வதேச மருத்துவ வழிகாட்டியே பரிந்துரைக்கிறது. ஆனால் அதற்கு மெஷின் வேறு, அளவு வேறு, பக்கத்தில் இருந்து பார்க்க ஆளும் வேண்டும்.

பாசி எடுக்கும் ஓர் அக்கா, பவளப்பாறை கீறிய காலோடு வந்தார். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் பஞ்சால் தடவினேன். ஐந்து விரலையும் தொட்டு முடித்த பிறகு, "இன்னும் தொடலையா தம்பி?" என்றார். இப்படி மரத்துப்போன காலில் கரண்ட் தோலைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. புதுப் புண் ஒன்றுதான் மிச்சமாகும். உங்கள் அம்மாவுக்கும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். உணர்வு சரியாக இருந்தாலும் மெஷின் வேண்டாம். காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா, எலும்பு வரை சீழ் போயிருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், செத்த சதையை எடுக்க வேண்டும், புண்ணின் மேல் பாரம் விழாத செருப்பு வேண்டும். இவ்வளவும் நடந்தும் ஆறவில்லை என்றால் அப்போது கரண்டைப் பற்றி யோசிக்கலாம்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். கால் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ வாரம்கூடப் பொறுக்காதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள். புண் ஆறும்வரை அம்மாவைக் கடலில் இறங்க விடாதீர்கள். அப்பாவுக்கு அலைய முடியாவிட்டால், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். ஊர் சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.