காலாப்பட்டு ஆய்வக ஜிபியு: கார்பன் கணக்கு
பத்து நாள் ஓடும் சிமுலேஷனுக்குக் கார்பன் கணக்கு கேட்கிறார்கள், ஜிபியு (கணக்கீட்டை ஓட்டும் கிராபிக்ஸ் சிப்) தானே காட்டும் வாட்ஸ் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. அதில் சிபியு, மெமரி, பவர் சப்ளை இழப்பு எதுவும் வராது. பிளக்கில் மாட்டும் மின் மீட்டர் ஒன்று வாங்குங்கள். சராசரி 400 வாட்ஸ் காட்டினால் 240 மணி நேரத்துக்கு 96 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக 67 கிலோ. (பக்கத்தில் நெய்வேலி அனல்மின் நிலையம் இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், தேசிய சராசரியையே போடுங்கள்.) அப்புறம் ஏசி இழுக்கும் கரண்டையும் சேருங்கள். புதுச்சேரி மே மாத வெயிலில் அதை விட்டால் பொய்க்கணக்கு.

குறைக்க, ஜிபியு பவர் லிமிட்டை (அது இழுக்கக்கூடிய வாட்ஸின் உச்ச வரம்பை) கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் வேகம் அந்த அளவுக்கு விழாது. அதைவிட முக்கியம் செக்பாயிண்ட், அதாவது ஓடியவரை உள்ள நிலையை அவ்வப்போது சேமித்து வைப்பது. கரண்ட் போய் முதலிலிருந்து ஓட்டினால் அத்தனை யூனிட்டும் வீண்.