தொப்பூர் இறக்கத்தில் பிரேக் போனது: பொறுப்பு மெக்கானிக்குக்கா, எனக்கா?

கேள்வி: பாலக்கோட்டில் சொந்தமாக ஒரு பிக்கப் வைத்திருக்கிறேன். நானேதான் ஓட்டுகிறேன். தக்காளி கிரேடுகளை (பிளாஸ்டிக் பெட்டிகளை) சேலத்துக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் பிழைப்பு. வண்டிக்கு ஆறு வயது. போன மாதம் தருமபுரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன் சக்கரத்துக்குப் பேட், பின் சக்கரத்துக்கு லைனர், இரண்டு வீல் சிலிண்டர் எல்லாம் மாற்றினேன். 9,400 ரூபாய் ஆனது. கையால் எழுதிய பில் இருக்கிறது. ஒரு வாரத்தில், ஊருக்குள் ஓட்டும்போதே பெடல் மெத்தென்று உள்ளே போக ஆரம்பித்தது. மெக்கானிக்கிடம் வாட்ஸ்அப்பில் சொன்னேன். "புது லைனர்ண்ணா, செட் ஆகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், ஓட்டுங்க" என்று வாய்ஸ் அனுப்பினார். மூன்றாம் நாள் தொப்பூர் இறக்கத்தில் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. ஹேண்ட் பிரேக் இழுத்தும் நிற்காமல் முன்னால் போன காரில் மோதினேன். காரில் இருந்த அம்மாவுக்குக் கை எலும்பு முறிந்துவிட்டது. வழக்குப் போட்டு, வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. "ஓவர் லோடு, நியூட்ரலில் இறங்கியிருப்பீங்க" என்கிறார் மெக்கானிக். ஆனாலும் வண்டியைக் கொண்டுவந்தால் இலவசமாகப் பார்த்துக் கொடுத்து, கையில் 5,000 ரூபாயும் தருகிறேன் என்கிறார். இன்ஷூரன்ஸ் சர்வேயரோ பராமரிப்பு சரியில்லை, பேட்ஜும் (சரக்கு வண்டி ஓட்ட உரிமத்தில் வாங்கும் தனி அனுமதி) இல்லை, கிளைம் வராது என்கிறார். கோர்ட்டில் ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு வேலையைப் பார் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யட்டும்?

பதில்: வண்டியை அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பாதீர்கள். வேறு எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் இப்போது வேண்டாம். பின் சக்கர டிரம் இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது என்றால், உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி அதற்குள்தான் இருக்கிறது. அதைத் தனியாக ஒருவர் திறந்து துடைத்துப் புது பாகத்தைப் போட்டுவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "பிரேக் போய்விட்டது" என்பது மட்டும் சட்டத்தில் ஒரு பதிலே இல்லை. 1977இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இயந்திரக் கோளாறால் விபத்து என்று வண்டி உரிமையாளர் சொன்னால், அந்தக் கோளாறு வெளியே தெரியாமல் ஒளிந்திருந்தது, நியாயமான கவனத்தோடு பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவும் இதே திசையில்தான் போகிறது. தெரிந்த கோளாறோடு, அல்லது சாதாரண கவனத்தில் தெரிந்திருக்க வேண்டிய கோளாறோடு வண்டியை ஓட்டி, அதனால் ஒருவருக்கு அடிபட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெடல் உள்ளே போவது உங்களுக்கு மூன்று நாள் முன்பே தெரியும். உங்கள் பக்கத்தில் இருக்கும் பலவீனம் இதுதான். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பலவீனத்துக்கு மருந்தும் உங்களிடமே இருக்கிறது: அந்த வாய்ஸ். கோளாறு தெரிந்ததும் வேலை செய்தவரையே கேட்டீர்கள், அவர் "ஓட்டுங்க" என்றார். ஒரு ஓட்டுநரிடம் எதிர்பார்க்கும் கவனம் இதற்கு மேல் என்ன என்று நாம் கேட்கலாம். அந்தப் பதில் தொழில்ரீதியாகவும் தவறு. புது லைனர் டிரம்மோடு உட்காரும் வரை பிடிப்பு கொஞ்சம் குறைவாக இருக்கும், உண்மைதான். ஆனால் அப்போதும் பெடல் கெட்டியாகத்தான் இருக்க வேண்டும். பெடல் மெத்தென்று போனால் பிரேக் ஆயில் போகும் லைனில் காற்று இருக்கிறது, அல்லது அந்த ஆயில் எங்கோ கசிகிறது. சிலிண்டரை மாற்றினவர் ஏர் எடுத்தாரா (லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றினாரா), கசிவு பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

அதனால் அந்த போனை ரீசெட் செய்யாதீர்கள், மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இன்னொரு பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். மூலப் பதிவு போனில் அப்படியே இருக்க வேண்டும், அதுதான் உங்கள் வேலை.

இனி பிரேக் இன்ஸ்பெக்டர். மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊரில் இப்படித்தான் கூப்பிடுகிறோம். விபத்து வண்டியை அவர் பார்த்துக் கொடுக்கும் அறிக்கை எல்லா வழக்குக்கும் அடிப்படை. பெரும்பாலான அறிக்கைகளின் கடைசி வரி ஒரே மாதிரி இருக்கும்: "விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல." இந்த வரி உங்கள் வண்டிக்கும் வந்துவிட்டால், பிறகு பிரேக் பற்றி நீங்கள் என்ன பேசினாலும் எதிர்த்தரப்பு அந்தத் தாளைத்தான் காட்டும். ஆகவே இன்றே ஸ்டேஷனில் எழுத்து மூலமாக ஒரு மனு கொடுங்கள். பெடல் தரை வரை போனதால் விபத்து நடந்தது, பின் சக்கர டிரம்களைத் திறந்து வீல் சிலிண்டர், லைனர், ஆயில் அளவு மூன்றையும் பார்த்துக் குறிப்பிட வேண்டும் என்று எழுதுங்கள். மனு பெற்றதற்கு ரசீது வாங்குங்கள். நகலை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் ஒப்புகையோடு அனுப்புங்கள். ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்றால், வண்டியை விடுவிக்கக் கேட்கும்போதே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மறு ஆய்வுக்கும் சேர்த்து மனு போடச் சொல்லுங்கள்.

டிரம்மைத் திறக்கும்போது என்ன தெரியும் என்பதை நீங்களும் தெரிந்து வைத்திருங்கள், ஏனென்றால் மெக்கானிக்கின் வாதம் அங்கேதான் நிற்கும் அல்லது விழும். சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கினால் உள்ளே ஈரம், லைனர் மேல் ஆயில் ஊறிப் பளபளப்பு, சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்து தூசி ஒட்டின தடம் என்று இருந்தால் கசிவு. அது வேலை பார்த்தவர் பக்கம் போகும். லைனர் கண்ணாடி மாதிரி வழவழத்து, டிரம் நீலம் பாய்ந்து, ஆயில் சொட்டுக்கூட வெளியே வராமல் இருந்தால் அது சூட்டினால் வந்தது. இறக்கம் முழுக்கக் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தீர்கள் என்ற பக்கம் போகும். பழைய ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அந்தச் சூட்டில் கொதித்து ஆவியாகும். அப்போதும் பெடல் தரைக்குப் போகும், ஆறினதும் பழையபடி நிற்கும். எனவே விபத்துக்கு மறுநாள் யாராவது பெடலை மிதித்துப் பார்த்தார்களா, அப்போதும் உள்ளே போனதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பில்லில் பிரேக் ஆயிலுக்குக் காசு வாங்கியிருக்கிறாரா என்றும் பாருங்கள். மாற்றாத ஆயிலுக்குக் காசு வாங்கியிருந்தால் அது தனியாக ஒரு குறை.

நியூட்ரலில் இறங்கியதால் பிரேக் சூடாகிப் போனது என்ற வாதத்துக்கு வலுவான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: தொப்பூருக்கு மூன்று நாள் முன்பே, ஊருக்குள்ளேயே பெடல் உள்ளே போனது. இறக்கத்துச் சூடு அதற்குக் காரணமாக இருக்க முடியாது. இன்னொன்று, நியூட்ரலில் எஞ்சினையும் அணைத்துவிட்டு இறங்கினால், பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வேக்குவம் இல்லாமல் பெடல் கல் மாதிரி இறுகும், தரைக்குப் போகாது.

லோடு விஷயத்தில் உங்கள் வக்கீலிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். மண்டிச் சீட்டில் எத்தனை கிரேடு என்று இருக்கும், ஆர்.சி.யில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று இருக்கும். பெருக்கிப் பார்க்க எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இரண்டு நிமிடம் போதும். அதிகமாக ஏற்றியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. மெக்கானிக் மீது போடும் நுகர்வோர் வழக்கில் (அதைக் கீழே சொல்கிறேன்) உங்கள் தொகையும் குறையலாம். அதற்காக வழக்கே இல்லை என்று ஆகிவிடாது. அதேபோல டாஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்ததா என்பதையும் சொல்லுங்கள். ஆயில் குறைந்தால் அது எரியும். எரிந்தும் ஓட்டினீர்கள் என்றால் குறுக்கு விசாரணையில் கட்டாயம் வரும், நாம் முன்கூட்டியே தயாராக வேண்டும்.

குற்ற வழக்கைப் பற்றி நண்பர்கள் சொன்னதைக் கேட்காதீர்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 125(b) பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொதுவழியில் அஜாக்கிரதையாக ஓட்டியதற்கான 281ஆம் பிரிவும் சேர்ந்திருக்கும். ஒப்புக்கொண்டால் பல சமயம் அபராதத்தோடு முடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒப்புதல் உங்கள் பின்னாலேயே வரும். கவனக்குறைவாக ஓட்டினேன் என்று ஒரு நீதிமன்றத்தில் சொல்லிவிட்டு, மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று இன்னொரு இடத்தில் எப்படிச் சொல்வீர்கள்? என் கட்சிக்காரர் ஒருவர், ஒரு நாள் லோடு போய்விடக் கூடாதே என்று அப்படி ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்தார். பிறகு ஒர்க்‌ஷாப் மீது போட்ட வழக்கில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த முதல் ஆவணமே அந்தத் தீர்ப்பு நகல்தான். இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்.

கை முறிந்த அந்த அம்மாவுக்கு நியாயமான இழப்பீடு போய்ச் சேர வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. விபத்து நாளில் உங்கள் பாலிசி உயிரோடு இருந்திருந்தால், அந்தப் பணத்தைத் தர வேண்டியது இன்ஷூரன்ஸ் நிறுவனம். மூன்றாம் நபருக்குத் தராமல் இருக்க நிறுவனம் என்னென்ன காரணம் சொல்லலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. பிரேக் பராமரிப்பு அதில் இல்லை. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து உங்களுக்கும் சம்மன் வரும். வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள், வந்த அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

பேட்ஜ் பற்றிச் சர்வேயர் சொன்னது இப்போது செல்லாது. 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை, இலகுரக வாகன உரிமம் இருந்தாலே ஓட்டலாம். உங்கள் பிக்கப் அதற்குள்தான் வரும்.

உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளைம் வேறு கணக்கு. சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்த பேக்கேஜ் பாலிசியாக இருந்தால்தான் அது உண்டு. தேய்மானமும் இயந்திரப் பழுதும் பாலிசியில் சேராது, ஆகவே சிலிண்டருக்கும் லைனருக்கும் காசு கேட்காதீர்கள். மோதலில் நசுங்கின பானெட், ரேடியேட்டர், சேஸிஸ் வேறு, அது விபத்துச் சேதம். வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையைத்தான் சர்வேயர் பிடிக்கிறார். அதற்குப் பதில், விபத்துக்கு முன்பே 9,400 ரூபாய் செலவழித்து பிரேக் வேலை பார்த்த பில். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நடப்பில் இருந்தால் அதன் நகலையும் சேருங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் வாயால் சொல்வது முடிவல்ல. நிறுவனத்துக்குப் புகார் எழுதி ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

மெக்கானிக் மீது நுகர்வோர் வழக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 85ஆம் பிரிவு, சேவை செய்பவர் குறையாகச் செய்தாலோ, தர வேண்டிய எச்சரிக்கையைத் தராவிட்டாலோ, அதனால் வந்த சேதத்துக்கு அவரைப் பொறுப்பாக்குகிறது. நிறுத்திப் பாருங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஓட்டுங்க என்றது அதற்குள் வரும் என்பது என் கருத்து. "வியாபாரத்துக்கு ஓடும் வண்டி, இவர் நுகர்வோரே இல்லை" என்று முதல் ஆட்சேபம் வரும். 1995இல் லக்ஷ்மி எஞ்சினியரிங் வழக்கில், பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான், துணைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது என்றது உச்ச நீதிமன்றம். அது பொருள் வாங்குவதைப் பற்றிய தீர்ப்பு. உங்கள் பில்லில் கூலியோடு உதிரி பாகங்களும் இருக்கின்றன, ஆகவே அந்த வாதம் நமக்கு உதவும். ஒரே வண்டி, உரிமம் உங்கள் பெயரில், வேறு வருமானம் இல்லை என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். கழற்றிய பழைய பாகங்களும், வேலை பற்றி அவர் வைத்திருக்கும் குறிப்பும் அப்படியே இருக்க வேண்டும் என்று அதில் கேளுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. பாகத்தை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, பாகம் இருந்தால்தான் அனுப்ப முடியும். இன்ஷூரன்ஸ் தராத பழுதுச் செலவு, வண்டி நின்ற நாட்களின் வருமானம், மன உளைச்சல் மூன்றையும் கேளுங்கள். வருமானத்துக்கு மண்டிச் சீட்டுகள் ஆதாரம், அவற்றை மாதவாரியாக அடுக்கி வையுங்கள்.

அந்த 5,000 ரூபாய் வேண்டாம். வாங்கினால் ஏதாவது தாளில் "முழுத் திருப்தி" என்று கையெழுத்துக் கேட்பார், அல்லது தாளே இல்லாமல் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்கு முடிந்தது என்பார். சமரசம் பேச அவருக்கு மனம் இருந்தால், ஆய்வாளர் டிரம்மைத் திறந்து பார்த்த பிறகு, உங்கள் வக்கீல் முன்னால் பேசட்டும். வண்டி உங்கள் கைக்கு வந்ததும் டோ செய்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நான்கு சக்கரத்தையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பாகங்களைக் கழற்ற வேண்டி வந்தால் இரண்டு சாட்சிகளை வைத்துக் கழற்றி, ஆயிலைத் துடைக்காமல் தனித்தனிக் கவரில் போட்டு, அவர்கள் கையெழுத்தோடு ஒட்டி வையுங்கள்.