கலவரச் செய்தி வந்ததும் ஃபண்டை விற்றுவிடலாமா?

கேள்வி: வளரும் நாடுகளில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றில் பணம் போட்டிருக்கிறேன். அதில் உள்ள ஒரு நாட்டில் தேர்தல் வன்முறை வெடித்திருக்கிறது. எல்லோரும் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்களா? நானும் விற்றுவிடவா?

பதில்: செய்தியை மட்டும் பார்த்து விற்காதீர்கள். எல்லா வன்முறைக்கும் பணம் ஒரே மாதிரி ஓடுவதில்லை. மெக்சிகோவில் 1994-ல் நடந்ததைப் பாருங்கள்.

ஜனவரி 1 அன்று சியாபாஸ் மாநிலத்தில் சபாட்டிஸ்டாக்கள் என்ற விவசாயக் கிளர்ச்சியாளர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். பலர் இறந்தார்கள். ஆனாலும் அந்நியச் செலாவணிக் கையிருப்பு, அதாவது மத்திய வங்கி சேர்த்து வைத்திருந்த டாலர், கரையவில்லை. ஏழை விவசாயிகளின் உயிரைச் சந்தை கணக்கில் எடுக்காதது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. மார்ச் 23-ல் ஆளுங்கட்சியின் அதிபர் வேட்பாளர் லூயிஸ் டொனால்டோ கொலோசியோ திஹுவானாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில் சுமார் 1,000 கோடி டாலர் கையிருப்பு போய்விட்டது. அடுத்து ஆளப்போவது யார், இப்போதைய விதிகள் நீடிக்குமா என்ற சந்தேகம் வந்ததும்தான் பணம் கிளம்பியது.

அது கிளம்ப வழி செய்து கொடுத்தது அரசேதான். மெக்சிகோவின் நாணயமான பேசோவை டாலருக்கு எதிராக ஒரு வரம்புக்குள் பிடித்து வைத்திருந்ததால், வெளியேறியவர்களுக்கு ஏறக்குறைய பழைய விலையிலேயே டாலர் கிடைத்தது. மிச்சம் இருந்தவர்களைத் தக்கவைக்க, டாலர் மதிப்போடு இணைத்த டெசோபோனோ என்ற குறுகிய காலப் பத்திரங்களை அரசு ஏராளமாக விற்றது. அமெரிக்காவிலும் அந்த வருடம் வட்டி ஏறிக்கொண்டே போனது, அதுவும் பணத்தை அங்கே இழுத்தது. டிசம்பர் 20-ல் பேசோவின் மதிப்பைக் குறைத்தார்கள். இரண்டே நாளில் அதைப் பிடித்து நிறுத்தும் முயற்சியையே கைவிட்டார்கள். ஒரு டாலர் சுமார் 3.5 பேசோவாக இருந்தது, 1995 மார்ச்சில் 7-ஐத் தாண்டியது. மதிப்புக் குறைப்புக்குச் சற்று முன் கையிருப்பைக் கரைத்ததில் உள்ளூர்க்காரர்களின் பங்குதான் பெரிது, வெளிநாட்டவருடையது அல்ல என்று ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) 1995-ல் சொன்னது.

சரி, நீங்கள் என்ன பார்க்க வேண்டும்? ஒரு வருடத்துக்குள் அந்த நாடு கட்ட வேண்டிய டாலர் கடன், கையிருப்பைவிட அதிகமா என்று பாருங்கள். அதிகம் என்றால், அதோடு நாணய மதிப்பையும் அரசு பிடித்து வைத்திருந்தால், ஆபத்து பெரியது. அப்புறம், உள்ளூர் மக்கள் டாலருக்கு வெளிச்சந்தையில் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். வங்கி விலைக்கும் அதற்கும் இடைவெளி விரிந்துகொண்டே போனால் ஓட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நாணயம் சந்தை விலையில் மிதக்கும் நாடு என்றால் அடி பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே விலையில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு விற்றால் நஷ்டத்தை நீங்களே உறுதி செய்துகொள்கிறீர்கள். ஃபண்டின் மாத அறிக்கையில் அந்த நாட்டின் பங்கு எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். சின்னப் பங்கு என்றால் மொத்த ஃபண்டையும் விற்கத் தேவையே இல்லை.